அங்கீகரிக்கப்பட்ட அடைப்பு

எந்திரத்துக்குக் காற்று வேண்டும். உலகத்தில் இந்த ஒரு விஷயத்திலாவது யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது என்று நம்பித்தான் நான் இத்தனை காலம் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

நான் பழைய சாமான் கடைக்காரன். எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. என்னிடம் வந்த எவரும் கேட்ட விலைக்கு வாங்கிப் போனதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடச் சந்தையில் வாங்கிக் கட்டிக்கொண்டது அதிகம். கடைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் நானும் என் மனைவியும் சேர்ந்து, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானத்தைக் கட்டினோம். கட்டுகிறவன் நான், ஓட்டப்போகிறவள் அவள். விமானம் ஓட்டும் உரிமம் எங்கள் வீட்டில் அவளிடம்தான் இருக்கிறது. அவள் தொழில் தையல். "மெஷின் மிதிச்ச காலுக்கு விமானத்து மிதி என்ன புதுசா?" என்பாள்.

அந்த உரிமத்துக்கு ஒரு வியாதி உண்டு. வருஷம் முடிவதற்குள் ஒரு தடவையாவது பறக்காவிட்டால் செத்துப்போகும். அவள் வழக்கமாகப் பறந்துகொண்டிருந்த பயிற்சி மையத்தை மூடிவிட்டார்கள். ஆக, எங்கள் விமானம் வருஷத்துக்குள் மேலே போயாக வேண்டும். இல்லையென்றால் அவள் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டும். அதுவரை நான் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்.

றெக்கை வந்தது, வால் வந்தது, சக்கரம் வந்தது. தரையில் நிறுத்தி எந்திரத்தை ஓட்டிப் பார்த்தால், முன்னாலிருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் நல்ல காற்று. பின்னாலிருக்கும் இரண்டும் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கின்றன. முன்னால் நிற்கிறவன் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டால் பின்னால் நிற்கிறவனுக்கு என்ன மிஞ்சும்? எந்த வரிசையிலும் இதே கதைதான். விமானத்தின் மூக்குத் துவாரத்திலிருந்து பின் சிலிண்டர்களுக்குத் தனியாக ஒரு காற்றுக்குழாய் போட்டால்தான் தீரும்.

கடையில் விற்கும் குழாய்களெல்லாம் நேராகப் போகும்; மிஞ்சிப்போனால் மரியாதையாக ஒரு வளைவு வளையும். எங்களுடையதோ, தெருவில் மாமியாரைப் பார்த்துவிட்ட மருமகன் மாதிரி எண்ணெய்க் குழாய்க்கு ஒதுங்கி, தாங்கு கம்பிக்குக் கீழே குனிந்து, இடுக்கில் ஒடுங்கி, கடைசியில் ஒன்றுமே நடக்காதது போல வாயை அகலத் திறந்து நிற்க வேண்டும். அதை நாமே செய்துகொண்டால்தான் உண்டு.

செய்யும் விதம் இதுதான். தெர்மாகோல் கட்டையை எந்திரத்தோடு வைத்துப் பார்த்து, இடிக்கிற இடத்தையெல்லாம் செதுக்கி, குழாய் போகவேண்டிய வழியையே ஓர் உருவமாக ஆக்கிக்கொண்டேன்; அதுதான் அச்சு. அதைச் சுற்றி வழவழப்பான டேப்பை ஒட்டி மெழுகு தடவினோம். அதற்குமேல் ஃபைபர் துணியைப் போர்த்தி, ரெசின் என்னும் இறுகும் பசையைப் பூச வேண்டும். நான் துணியை நேராக வெட்டிப் போட்டேன். வளைவுக்கு வளைவு சுருங்கிப்போய் மடிப்பு மடிப்பாக நின்றது.

"என்னங்க இது, மழையில நனைஞ்ச குடை மாதிரி? சட்டைக்குக் கை வெக்கத் தெரியாத ஆளுக்கு விமானம் ஒரு கேடு. இழை குறுக்கா வர்ற மாதிரி சாய்ச்சு வெட்டணும். அப்பத்தான் துணி வளைஞ்சு கொடுக்கும்."

"துணியாவது வளைஞ்சு கொடுக்கட்டும். இந்த வீட்டுல வேற யாரு கொடுக்கறா?"

"வாயை மூடிக்கிட்டுக் கத்திரியைக் கொடுங்க."

கொடுத்தேன். சாய்த்து வெட்டிப் போட்டாள். தோல் மாதிரி உட்கார்ந்தது. ரெசின் இறுகியபின் உள்ளே இருக்கும் தெர்மாகோலில் பெட்ரோலை ஊற்றினால் போதும், கரைந்து வழிந்துவிடும். மிச்சம் நிற்பது குழாய். உற்றுப் பார்த்தால் எங்களுக்கு வேண்டியது குழாய்கூட இல்லை, அதற்குள் இருக்கும் வெறுமை. இந்த நுட்பமான இடத்தில்தான் அரசாங்கம் உள்ளே வந்தது.

வீட்டில் கட்டப்படும் விமானங்களை மேற்பார்வையிடுவதற்கென்று ஓர் இயக்ககம் இருக்கிறது. புதுப் பாகம் எதைச் சேர்த்தாலும் அவர்கள் முத்திரை வேண்டும். அந்த அலுவலகத்தை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். வெளிப்படைத் தன்மை தேவை என்று சுவர்களை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடியைத் திறக்க வழி வைக்கவில்லை. நாற்காலிகளை ஒழித்துவிட்டு ஆளுக்கொரு மெத்தை மூட்டை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்புவரை புதையும். என்னைப் போன்ற கோபக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எழுந்து நின்று மேஜையைத் தட்டலாம் என்றால், முதலில் எழுந்திருக்க முடியாது; எழுந்தாலும் மேஜை கிடையாது.

கூரைமேல் புத்தம்புதிய குளிரூட்டும் எந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கீழே எல்லாருக்கும் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்ன சார், மேல சத்தம் வருது, கீழ காத்து வரல?" என்று ஆய்வாளரைக் கேட்டேன். கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் ஈய முத்திரை அடிக்கும் குறடு, முகத்தில் இரண்டையும் சுமக்கிற களைப்பு.

"எந்திரத்துக்கு ஒப்புதல் வந்துடுச்சு. அங்கேருந்து இங்க வர்ற குழாய்க்கு ஒப்புதல் வரல. ஒப்புதல் இல்லாத குழாய் வழியா வர்ற காத்தை நாங்க சுவாசிக்கக் கூடாது."

"இப்ப சுவாசிக்கறது?"

"இது பழைய காத்து. புதுப்பிக்கறதுக்கு முன்னாடியே உள்ள இருந்தது."

இதற்குள் இயக்குநர் மேடம் வந்துவிட்டார். சின்ன வயசு. கான்வாஸ் ஷூ. வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே பயணம்.

"வாங்க. உங்க விண்ணப்பப் பயணம் இங்கேருந்து தொடங்குது."

"பயணம் போகத்தாங்க மேடம் உத்தரவு கேட்டு வந்திருக்கேன்."

"ரொம்ப அழகாச் சொன்னீங்க. உங்க குழாய்க்கு ரெண்டு ஆய்வு இருக்கு. முதல்ல அச்சு. அப்புறம் குழாய். ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பயணம்."

எனக்கு இரண்டு என்ற சொல்லைக் கேட்டாலே கை பரபரக்கும். யார் இரண்டு என்றாலும் ஒன்றுக்கு இறக்காமல் நான் வீடு திரும்பியதில்லை. மூட்டைக்குள் கிடந்தபடியே ஆரம்பித்தேன்.

"மேடம், அச்சோட வெளிப்பக்கம்தானே குழாயோட உள்பக்கம்?"

"ஆமா."

"அப்ப ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணையும் பாத்த மாதிரிதானே? ஒரே பொருளை எதுக்கு ரெண்டு தடவை பாக்கணும்? உங்க நேரம் என்ன ஆகறது? ஒரே முத்திரை. அச்சுக்குப் போடுங்க, குழாய்க்கும் சேத்துப் போட்டதா இருக்கட்டும். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், இதோட முடிச்சுக்கலாம்."

மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்துபோய்க் கண்ணாடிச் சுவரில் பச்சைப் பேனாவால் "ஒருங்கிணைந்த ஒற்றை ஆய்வு" என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார். ஊழியர்கள் அத்தனை பேரும் மூட்டையிலிருந்தபடியே கைதட்டினார்கள். என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். வீட்டுக்குப் போய் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டை ஒண்ணாக்கிட்டேன்."

"எதைங்க?" என்றாள் மனைவி.

"எதையோ. ஆனா ஒண்ணாக்கிட்டேன்."

ஆய்வாளர் கொட்டகைக்கு வந்தார். ஃபைபர் இறுகி, இரண்டு முனையிலும் வெள்ளைத் தெர்மாகோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அளவு எடுத்தார். கடைசியில் தெர்மாகோலில் கம்பியைக் குத்தி, ஈய முத்திரையை மாட்டிக் குறட்டால் நசுக்கினார்.

"சார், உள்ள இருக்கறதைக் கரைச்சிடுவோம்" என்றாள் என் மனைவி. அவள் அப்படித்தான், எதையும் முன்கூட்டியே சொல்லித் தொலைப்பாள்.

"கரைக்கறதும் கரைக்காததும் உங்க விருப்பம்மா. அதுல நாங்க தலையிட மாட்டோம். முத்திரை போட்ட பொருளுக்கு மட்டும் சேதம் வரக்கூடாது."

அந்த வாக்கியத்தை அவர் சொன்ன அழகில் நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் போனதும் பெட்ரோல் ஊற்றினோம். தெர்மாகோல் புஸ்ஸென்று அடங்கி, பிசுபிசுவென்று ஒரு தகர டப்பாவுக்குள் வழிந்தது. முத்திரையைப் பத்திரமாக அந்த டப்பாவிலேயே போட்டு வைத்தோம். டேப்பை உரித்து எடுத்து, குழாயைக் கழுவிப் பொருத்தி, எந்திரத்தை ஓட்டினோம். பின் சிலிண்டர் இரண்டும் சாதுவாக இருந்தன. என் மனைவி குழாயின் பின்வாயில் கையை வைத்தாள். புடவைத் தலைப்பு படபடத்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், வருஷம் முடிய இன்னும் காலம் கிடக்கிறது என்று தோன்றியது.

பறப்பு உத்தரவு தருவதற்கு முன் இறுதிப் பார்வைக்காக ஆய்வாளர் மறுபடி வந்தார். குழாய்க்குள் டார்ச் அடித்தார். திரும்பவும் அடித்தார். பின்னால் போய் அந்தப் பக்கத்திலிருந்தும் அடித்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையே!"

"அதாங்க குழாய்."

"நான் முத்திரை போட்ட பொருள் எங்க?"

டப்பாவைக் காட்டினேன். மூடியைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது என்ன கோந்து?"

"நீங்க ஒப்புக்கொண்டதுதாங்க. இப்ப கொஞ்சம் இளகிடுச்சு."

"ஐயா, நான் பார்த்து ஒப்புக்கொண்டது ஒரு திடப்பொருள். இங்க இருக்கறது ஒரு ஓட்டை. இந்த ஓட்டையை நான் பாத்ததே இல்ல. முன்பின் தெரியாத ஓட்டையை வெச்சுக்கிட்டு நீங்க ஆகாயத்துல போறீங்கன்னு வைங்க, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அச்சையும் குழாயையும் ஒண்ணாத்தானே பாத்தீங்க?"

"ஒண்ணாப் பாக்கச் சொன்னது நீங்க. ஒண்ணை அழிச்சா ரெண்டும் போச்சு. தனித்தனியா ரெண்டு ஆய்வு வெச்சிருந்தீங்கன்னா இப்ப ஒண்ணாவது மிஞ்சியிருக்கும்."

கையில் இருந்த ஸ்பானரை வீசப்போனேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"வீசுங்க, வீசுங்க. அதுக்கும் ஒரு முத்திரை வாங்கிட்டு வீசுங்க" என்றாள்.

அலுவலகத்துக்கு ஓடினேன். மேடம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இதை ஒரு பின்னடைவாப் பாக்காதீங்க. உங்க பயணத்துல ஒரு வளைவாப் பாருங்க. தீர்வு ரொம்ப எளிது. ஒப்புதல் பெற்ற பொருளை அது இருந்த இடத்துலயே திரும்ப வெச்சிடுங்க."

"குழாயை அடைக்கச் சொல்றீங்களா?"

"அடைக்கச் சொல்லலைங்க. நிறைவு செய்யச் சொல்றேன்."

"அடைச்சா காத்து எப்படி மேடம் போகும்?"

"காற்றோட்டம் எங்க வரம்புல வராதுங்க. குழாய் மட்டும்தான்."

பாதி அடைக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கால்வாசி என்று இறங்கி வந்தேன். ஆயுளில் முதல்முறையாக என் பேரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி தையல் மெஷினை மிதிக்கிற வேகம் நாளுக்கு நாள் கூடியது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதே அளவில், அதே வளைவில் இன்னொன்று செய்து, தெர்மாகோலை உள்ளேயே விட்டு, அதற்கு முத்திரை வாங்கிவிடுவது. காட்டுவதற்கு அது. பறப்பதற்கு இது.

"கல்யாணப் பேச்சு நடக்கும்போது உங்க நண்பரோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தீங்களே, அந்த மாதிரியா?" என்றாள் மனைவி.

"அதுல என்ன குறை வந்துச்சு இப்ப?"

"சட்டையில ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்தாள்.

இரண்டாவது குழாய் தயாரானது. அடைப்பும் அழகாக இருந்தது. ஆய்வாளர் வந்து பார்த்தார், உணர்ச்சிவசப்பட்டார். இரண்டு முனையிலும் முத்திரை குத்தினார். நான் கையை நீட்டுவதற்குள் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சார், அது என்னுது!"

"முன்மாதிரிப் பொருள் இயக்ககத்துக்குச் சொந்தம். உள்ளே வெளியே எல்லாம் முழுசா ஒப்புதல் வாங்கின ஒரே காத்துக்குழாய் இதுதான் ஐயா. எங்க வரலாற்றுலயே இதுதான் முதல்."

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. பறப்பு உத்தரவை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். அத்துடன் நடைபெறவுள்ள சிறு திறப்பு விழாவிலும் கலந்துகொண்டு சிறப்பிக்கவும். இருவரும் போனோம். மனைவி உரிமத்தைக் கைப்பையில் வைத்திருந்தாள். வருஷம் சாக இன்னும் கொஞ்சம்தான் மூச்சு இருந்தது.

உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூரையில் உறுமும் எந்திரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு எங்கள் குழாயைத்தான் மாட்டியிருந்தார்கள். அவர்களுக்கு ஒப்புதல் உள்ள குழாய் வேண்டும். நாட்டில் அப்படி இருந்தது அது ஒன்றுதான். எண்ணெய்க் குழாயே இல்லாத இடத்தில் அது எண்ணெய்க் குழாய்க்கு மரியாதையாக ஒதுங்கியது. தாங்கு கம்பி இல்லாத இடத்தில் பணிவோடு குனிந்தது. கடைசியில் வெள்ளைத் தெர்மாகோல் அடைத்த வாயை எங்கள் தலைக்குமேல் அகலத் திறந்து நின்றது. இரண்டு முத்திரையும் பளபளத்தன.

எல்லாரும் மூட்டையில் புதைந்தோம். மேடம் பொத்தானை அழுத்தினார். மேலே உறுமல் கூடியது. கீழே இலைகூட அசையவில்லை. தொட்டியில் இருந்தது பிளாஸ்டிக் செடி என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

மேடம் ஆழமாக மூச்சை இழுத்தார்.

"ஆஹா!" என்றார் மேடம். "எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு!"

ஆய்வாளர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஓர் எழுத்தர் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் இரண்டு தடவை தும்மினார். எல்லாருடைய நெற்றியிலும் வியர்வை மணி மணியாக உருண்டுகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார் மேடம். அவர் மடியில் எங்கள் பறப்பு உத்தரவு இருந்தது. பேனாவின் மூடி திறந்திருந்தது.

என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து எடுத்த உரிமத்தையே விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள்.

"ஜில்லுன்னு இருக்குங்க மேடம்" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கேட்டால் கொஞ்சம் குறைத்துக் கேட்காமல் என் நாக்கு அடங்காது.

"கொஞ்சம் குறைச்சுக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆய்வாளர் நான் சொன்னதை அப்படியே உத்தரவில் சேர்த்துக்கொண்டார். வாங்கிப் படித்தேன்.

"மேற்படி குழாயானது தெர்மாகோல் நிறைவுடன் இருக்கும் நிலையில், தேவைக்கும் அதிகமான காற்றை வழங்குவதாக விண்ணப்பதாரரே நேரில் அனுபவித்துத் தெரிவித்துள்ளபடியால், மேற்படி விமானம் பறக்க இதனால் அனுமதிக்கப்படுகிறது. விமானத்திலும் அதே நிறைவு பொருத்தப்பட வேண்டும். எக்காலத்திலும் அகற்றப்படலாகாது."

அன்று மாலையே ஆய்வாளர் கொட்டகைக்கு வந்து, காற்று போய்க்கொண்டிருந்த எங்கள் குழாயில் புதுத் தெர்மாகோலைத் திணித்து முத்திரை குத்திவிட்டுப் போனார். அடைப்பை எடுத்தால் உத்தரவு போகும். எடுக்காவிட்டால் எந்திரம் போகும். நான் கத்தினேன், குதித்தேன், டப்பாவை எட்டி உதைத்தேன். கோந்து என் செருப்போடு ஒட்டிக்கொண்டது.

மனைவியின் உரிமம் மட்டும் சாகவில்லை. பறப்பு உத்தரவு பெற்ற விமானத்தின் ஓட்டுநர் பறந்தவராகவே கருதப்படுவார் என்று விதி இருக்கிறதாம். அவள் கேட்காமலேயே புதுப்பித்து, பாராட்டுக் கடிதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

உத்தரவைச் சட்டம் போட்டுக் கொட்டகை வாசலில் மாட்டினேன். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். மாமனார் வந்து, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை சாதிச்சிட்டார்" என்று எல்லாருக்கும் அனுப்பினார். வீட்டில் விமானம் கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் தேடி வர ஆரம்பித்தார்கள். அடைத்த குழாய்தான் இப்போது நாகரிகம். திறந்த குழாய் வைத்திருக்கிறவனைக் கொஞ்சம் விவரம் போதாதவனாகப் பார்க்கிறார்கள். விமானமே இல்லாத ஒருவர் தன் காருக்கு ஒன்று கேட்டார்.

நேற்றுகூட ஒருத்தர் வந்திருந்தார். சொந்தமாக விமானம் கட்டுகிறவர். எந்திரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"இந்தக் குழாய்ல காத்து பிரமாதமா வருதாமே அண்ணே?"

"முகத்தை வெச்சுப் பாருங்க" என்றேன், வியாபாரப் பழக்கத்தில்.

குனிந்து, அடைத்த வாயில் கன்னத்தை வைத்தார். கண்ணை மூடினார். எந்திரம்கூட ஓடவில்லை.

"அடேயப்பா!" என்றார். "எனக்கும் ஒண்ணு போடுங்க அண்ணே. தெர்மாகோல் மட்டும் நல்ல கெட்டியா இருக்கட்டும்."

பேரம் பேசாமலேயே ஒப்புக்கொண்டு போனார். நானும் பேசவில்லை.

விமானத்துக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. இருக்கைப் பட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, புதுப்பித்த உரிமத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் இது பறந்துச்சான்னு கேட்டா மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

இதுவரை கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.